அட்டையில் மணிச்சத்து ‘அதிகம்’, வயலில் உளுந்து குட்டை: டெல்டா மண்ணில் பாஸ்பரஸ் எங்கே போகிறது?

கோட்டூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கோட்டூர் பக்கம் எங்களுக்குக் களி நிலம். சம்பா, அதன்மேல் உளுந்து, இதுதான் வழக்கம். மண்வள அட்டையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எக்டேருக்கு 28 கிலோ, ‘அதிகம்’ என்று போட்டிருக்கிறது. சம்பாவில் ஒரு குறையும் தெரியவில்லை. தூர் நன்றாகக் கட்டுகிறது, கதிரும் பரவாயில்லை. அதே வயலில் உளுந்து மூன்று இலை விட்டதும் நின்றுவிடுகிறது. இலை கரும்பச்சை, செடி குட்டை, வேர் முடிச்சு விரல்விட்டு எண்ணலாம். மஞ்சள் தேமல் நோய் இல்லை, அதை நன்றாகப் பார்த்துவிட்டேன்.

உரக்கடையில் கேட்டால், “மணிச்சத்துக் குறைதான், அடுத்த சம்பாவுக்கு டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) ஒரு மூட்டை கூட்டிப் போடுங்க” என்கிறார். அட்டை அதிகம் என்கிறது, கடைக்காரர் குறை என்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. லேசர் வைத்து நிலம் சமன் செய்தபோது வடகிழக்கு மூலையில் மேடு வெட்டி எடுத்தோம். அந்த மூலையில் மட்டும் சம்பாவே தூர் பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நோயா, வேறு வேறா?

புதுஆறு:

அண்ணே, நான் ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனம். கடைக்காரர் மூட்டை விற்கத்தான் சொல்வார். ஒரு மூட்டை 1350 ரூபாய். பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் போட்டால் மண்ணில் கிடப்பதையே கரைத்துக் கொடுத்துவிடும், டிஏபியே வேண்டாம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பேசினார். யாராவது நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா?

பழைய ஆய்வகத்தான்:

கோட்டூர்த் தம்பி, அட்டையும் பொய் சொல்லவில்லை, கடைக்காரர் பார்த்த நோயும் தவறில்லை. அவர் சொன்ன மருந்துதான் இடம் மாறிவிட்டது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 8 லட்சம் கிலோ எடை வரும். கிலோவுக்கு 400 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் மொத்தம் 320 கிலோ. உங்கள் அட்டையில் இருக்கும் 28 கிலோ எக்டேர் கணக்கு. ஏக்கருக்கு 11 கிலோதான். மண் ஈரத்தில் கரைந்து, வேர் உடனே குடிக்கிற நிலையில் ஒரு நேரத்தில் இருப்பது வெறும் கிராம் கணக்கு. குதிர் நிறைய நெல், உலையில் ஒரு பிடி அரிசி. அந்தக் கைப்பிடி தீரத்தீர மற்றவை எவ்வளவு வேகமாக வந்து நிரப்புகின்றன என்பதில்தான் பயிரின் பிழைப்பு இருக்கிறது.

மீதி 300 கிலோ எங்கே? கொஞ்சம் மட்கோடு சேர்ந்த அங்கக வடிவம். மிச்சம் மூன்று உலோகங்களின் கையில்: கால்சியம், அலுமினியம், இரும்பு. இதைப் பிரித்துப் பார்க்க 1957ல் சாங், ஜாக்சன் என்ற இருவர் ஒரு முறை கொடுத்தார்கள். ஒரே மண்ணை ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு கரைசலில் குலுக்குவது. அம்மோனியம் ஃபுளோரைடில் அலுமினியத்தோடு சேர்ந்தது வரும், காஸ்டிக் சோடாவில் இரும்போடு சேர்ந்தது, கந்தக அமிலத்தில் கால்சியத்தோடு சேர்ந்தது. அதற்கும் அசையாமல் இரும்பு ஆக்சைடு மேலோட்டுக்குள் புதைந்து கிடப்பது தனி. எந்தக் கரைசலில் எது வந்ததோ அதை வைத்து நாம் இடும் பெயர்தான் இவை. மண்ணுக்குள் இவ்வளவு சுத்தமாகக் கோடு கிழித்து வைத்திருக்காது. ஆனாலும் ஒரு மண்ணின் குணம் இதில் பளிச்சென்று தெரியும்.

உங்கள் களியில் கால்சிய வடிவம்தான் மேலோங்கி இருக்கும். பிஎச், அதாவது அமில கார அளவு, 7.5க்கு மேல் இருக்குமே? ஒரத்தநாட்டுத் தம்பியின் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும்தான் ராஜா. ஒரே காவிரித் தண்ணீர்தான், ஆனால் மணிச்சத்து இரண்டு இடத்திலும் இருப்பது வேறு வேறு வடிவத்தில். அதனால்தான் ஓர் ஊர்க் கூட்டத்தில் கேட்டதை இன்னோர் ஊரில் அப்படியே செய்யக்கூடாது என்பேன்.

கோட்டூர்க்காரன்:

பிஎச் 7.9 சார், அட்டையில் இருக்கிறது. சரி, வடிவம் கால்சியம் என்றால் நெல்லுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது? நெல்லும் உளுந்தும் நிற்பது ஒரே மண்ணில்தானே?

பழைய ஆய்வகத்தான்:

மண் ஒன்று, தண்ணீர் ஒன்றல்ல. இதுதான் விஷயமே.

சேடை ஓட்டி, அதாவது சேறாக உழுது, தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் காற்று ஓரிரு நாளில் தீர்ந்துவிடுகிறது. நுண்ணுயிர்கள் மூச்சுக்கு வேறு வழி தேடி, முதலில் நைட்ரேட், அப்புறம் மாங்கனீசு, அதன் பிறகு இரும்பு என்று கை வைக்கின்றன. துருவாக இருந்த இரும்பு கரையும் இரும்பாக மாறும்போது, அது பிடித்து வைத்திருந்த பாஸ்பரசை விட்டுவிடுகிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. நீர் கட்டிய மண்ணில் பிஎச் எங்கே தொடங்கினாலும் 6.5, 7 பக்கமாக வந்து நிற்கும். அமில மண்ணில் ஏறும், கார மண்ணில் இறங்கும். உங்கள் 7.9 இறங்கும்போது கால்சியத்திடம் இருப்பதும் கொஞ்சம் கரைகிறது. பிலிப்பைன்சில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பொன்னம்பெருமா 1972ல் இதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டார்.

அறுவடைக்கு முன் தண்ணீரை வடிக்கிறீர்கள். களி வெடிக்கிறது, காற்று இறங்குகிறது. கரைந்திருந்த இரும்பு திரும்பத் துருவாகிறது. ஆனால் பழைய துரு இல்லை, புத்தம் புதுசாக, படிகம் கட்டாத, மாவு மாதிரி நுண்ணிய துரு. மேற்பரப்பு அவ்வளவு அதிகம் என்பதால் பாஸ்பரசை முன்பைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் உளுந்து தெளிக்கிறீர்கள்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? சம்பா பால் பிடிக்கும்போது ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசுங்கள். செம்பட்டை நிறத்தில் ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். வரப்போரம் கசிவு நீரில் எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு மிதக்கும், குச்சியால் தொட்டால் எண்ணெய் கலங்கி ஓடும், இது சில்லுச்சில்லாக உடையும். அறுத்த பிறகு ஒரு மண்கட்டியை உடைத்தால் பழைய வேர் ஓடிய துளைகளைச் சுற்றித் துருக்கோடு. மூன்றும் ஒரே இரும்புதான்.

இன்னொன்று, பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் பார்ப்பது காய்ந்த மண். ஓல்சன் முறை, 1954ல் வந்தது, பிஎச் 8.5 வைத்த சோடியம் பைகார்பனேட் கரைசல். எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22க்கு மேல் அதிகம் என்று எழுதுவோம். அந்த எண் சேடைக்குள் என்ன விடுபடும் என்பதையும் காட்டாது, அறுவடைக்குப் பின் என்ன பூட்டிக்கொள்ளும் என்பதையும் காட்டாது.

மன்னை_உளுந்து:

சார் சொன்னதைப் படித்ததும்தான் ஒன்று உறைக்கிறது. நெல் தரிசு உளுந்துக்கு, அதாவது நெல்லுக்குப் பின் அதே வயலில் வரும் உளுந்துக்கு, பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கச் சொல்கிறதே வேளாண் பல்கலைக்கழகம், அது மண்ணைத் தாண்டி இலைக்கே கொடுக்கிற வழிதானா? நான் பூ நிற்பதற்காக என்று மட்டும் நினைத்திருந்தேன்.

கோட்டூர் அண்ணே, செய்யாதவர் என்றால் இதோ முறை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி. 10 லிட்டர் தண்ணீரில் ராத்திரியே ஊறப் போட வேண்டும், காலையில் அவசரமாகக் கரைத்தால் பாதி அடியில் நிற்கும். தெளிந்த நீரை மட்டும் துணியில் வடிகட்டி, மொத்தம் 200 லிட்டர் ஆக்கி, வெயில் தாழ்ந்த பிறகு அடிக்க வேண்டும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொண்டு உயிரை வாங்கும். அடியில் தங்கிய கசடை எங்கள் வீட்டில் தென்னைக்குப் போட்டுவிடுவார்கள்.

பழைய ஆய்வகத்தான்:

அதேதான் அக்கா. ஆனால் பூக்கும் நேரத்தில் தெளிப்பது காய்க்கு உதவும், மூன்று இலையில் நின்ற செடிக்கு அது தாமதம். இளம் உளுந்துக்கு வேர்ப் பக்கத்திலேயே வேண்டும். பாஸ்பரஸ் தழைச்சத்து மாதிரி தண்ணீரோடு ஓடி வராது, மண்ணுக்குள் மில்லிமீட்டர் கணக்கில்தான் நகரும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை ஒன்று, மைக்கோரைசா என்பார்கள், பயறு வகைக்கு அந்தத் தேடலில் கை கொடுக்கும். சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடந்த வயலில் அதுவும் மெலிந்து போயிருக்கும். உளுந்துக்கு இரண்டு பக்கமும் இடி.

குன்னூர்_தேயிலை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு டெல்டா தெரியாது. எங்கள் மேட்டில் பிஎச் 4.5, 5. மழை கழுவிக் கழுவி கால்சியம் எல்லாம் போய்விட்டது, மிச்சம் இரும்பும் அலுமினியமும். சூப்பர் பாஸ்பேட் போட்டால் பிடித்துக்கொள்கிறது. அதனால் தேயிலைக்கு ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள்தான், அதையும் மேலே தூவாமல் மண்ணுக்குள் இறக்கி வைப்போம். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைக்கிறது. மேல்மண்ணில் மட்கு அதிகம், பாஸ்பரசில் பெரிய பங்கு அங்கக வடிவத்தில்தான் இருக்கிறது என்பார்கள்.

என் சந்தேகம், எங்கள் மண் பவானியில் கரைந்து உங்களுக்குத்தானே வருகிறது? அப்புறம் ஏன் உங்கள் மண் இவ்வளவு வேறு?

பழைய ஆய்வகத்தான்:

நல்ல கேள்வி. ஈரமான வெப்ப மண்டல மண் என்று புத்தகம் சொல்வது உங்களுடையதைத்தான், நீலகிரி, குடகு, வயநாடு. எல்லா மண்ணும் பிறக்கும்போது பாஸ்பரஸ் அப்படைட் என்ற கால்சியக் கனிமத்தில் இருக்கும். காலம் போகப்போக அது கரைந்து ஒரு பங்கு மட்கில் சேர்கிறது, ஒரு பங்கு இரும்பு அலுமினியத்தின் மேற்பரப்பில் ஒட்டுகிறது, கடைசியில் ஆக்சைடுக்குள் புதைந்துபோகிறது. வாக்கர், சயர்ஸ் என்ற இரண்டு மண் ஆய்வாளர்கள் 1976ல் வரைந்த பாதை இது. மழையும் வெப்பமும் சேர்ந்தால் இந்த ஓட்டம் வேகமாகும். உங்கள் மலை கிட்டத்தட்ட அந்தப் பாதையின் கடைசியில் நிற்கிறது. எங்கள் வண்டல் வயதில் இளையது, காவிரி பல வகைப் பாறைகளை அரைத்துக் கொண்டுவந்து கொட்டியது. சுண்ணாம்பும் கொஞ்சம் உண்டு. அதனால் கால்சிய வடிவம் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால் தஞ்சாவூரை ஒட்டிய வல்லத்திலேயே செம்புறாங்கல் மேடு இருக்கிறது. அது பழைய மண், குணத்தில் குன்னூருக்குச் சொந்தக்காரன். அங்கிருந்து வெண்ணாற்றுப் பக்கம் இறங்கினால் களி. அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பாஸ்பரசின் இளமையும் முதுமையும் பார்த்துவிடலாம்.

வருகிறதா என்றீர்களே, முன்பு வந்தது. ஆற்றில் பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்துகளில் ஒட்டித்தான் பயணம் செய்யும். 1934ல் மேட்டூர் அணை வந்தது, பவானியைத் தடுத்து 1955ல் பவானிசாகர். கலங்கல் அணைக்குள் தங்கிவிடுகிறது. ஆடிப்பெருக்குக்குச் செந்நீர் வந்து வயலில் படிந்த காலத்தைத் தாத்தாக்கள் பேசுவார்கள், அது வெறும் ஏக்கம் மட்டும் இல்லை.

வேதை_மணல்:

எங்கள் வேதாரண்யம் பக்கம் யாரும் பேசவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் கடற்கரை மணலில் பூட்டுவதற்கும் ஆளில்லை, பிடித்து வைப்பதற்கும் ஆளில்லை. களி கிடையாது, இரும்பும் குறைவு. போட்டது மழையில் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுகிறோம், தொழு உரம் கலந்து. எங்கள் ஊரை ஒட்டி உவர் பிடித்த களர் நிலமும் உண்டு, அங்கே அட்டையில் மணிச்சத்து தாராளமாகக் காட்டும், பயிர் வராது.

பழைய ஆய்வகத்தான்:

களர் நிலத்தில் சோடியத்தோடு சேர்ந்த பாஸ்பேட் எளிதில் கரையும், அதனால் எண் ஏறும். அங்கே பயிரைக் கெடுப்பது மணிச்சத்து இல்லை, சோடியம். ஜிப்சம், வடிகால் என்று வேறு வழக்கு அது, தனி இழை போடுங்கள்.

புதுஆறு:

என் கேள்வி அப்படியே நிற்கிறது சார். டிஏபியை நிறுத்தலாமா?

பழைய ஆய்வகத்தான்:

உங்கள் செம்மண்ணில் நிறுத்தாதீர்கள். பாஸ்போபாக்டீரியா கால்சிய வடிவத்தைக் கரைப்பதில்தான் கெட்டிக்காரன், அமிலத்தைச் சுரந்து கரைக்கும். இரும்போடு இறுகிய வடிவத்தில் அதற்கு அவ்வளவு கைவராது. போடுவதில் தப்பில்லை, அதையே முழு உணவாக நம்பாதீர்கள். முதலில் மண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பிஎச் 6க்குக் கீழே என்றால் அமில மண்ணுக்கான பிரே முறையில் பார்க்கச் சொல்லுங்கள், ஓல்சன் முறை கார மண்ணுக்காக வந்தது. தொழு உரத்தோடு கலந்து வைத்தால் பிடிப்பு குறையும், அதற்குச் செலவும் இல்லை.

கோட்டூர்க் களியில் கதை வேறு. ஒரு கணக்குப் போடுவோம். ஒரு மூட்டை டிஏபியில் உரக் கணக்கில், அதாவது ஆக்சிஜனும் சேர்ந்த P2O5 எடையில், மணிச்சத்து 23 கிலோ, அதைத் தனிப் பாஸ்பரசாக மாற்றினால் 10 கிலோ. ஏக்கருக்கு இரண்டரை டன் நெல் எடுத்தால், வைக்கோலையும் கட்டிக் கொடுத்துவிட்டாலும் டன்னுக்கு 3 கிலோ என்று ஏழரைக்குள்தான் வெளியே போகும். ஒவ்வொரு போகத்திலும் மிச்சம் மண்ணில் தங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அப்படிச் சேர்ந்ததுதான் அட்டையில் ‘அதிகம்’. இதன்மேல் இன்னொரு மூட்டையை நெல்லுக்குப் போட்டால் அதுவும் போய்ச் சேர்ந்து படுத்துக்கொள்ளும், போதாததற்குத் துத்தநாகத்தை முடக்கிவிடும். மேலே தூவினால் பாசிதான் முதலில் வளரும்.

மன்னை_உளுந்து:

பாசி, உண்மை. டிஏபியை மேலுரமாகப் போட்டவர் வயலில் பச்சைப் போர்வை போர்த்தின மாதிரி நின்றது.

ஆனால் சார், ஒரேயடியாக நெல்லுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் அப்பா நாற்றங்காலுக்கு மட்டும் டிஏபியை விடவே மாட்டார்.

பழைய ஆய்வகத்தான்:

அப்பா செய்வது சரி. நாற்றங்கால் மண்ணில் காற்று இன்னும் முழுசாகத் தீர்ந்திருக்காது, இரும்பு விட ஆரம்பிப்பதற்கு ஓரிரு வாரம் ஆகும். இளம் வேருக்கு அந்த இடைவெளியில் வெளியிலிருந்து தேவை. ஒரு சென்ட் நாற்றங்காலுக்கு 2 கிலோ போடலாம். நடவு வயலில் ‘அதிகம்’ இருந்தால் அடியுரத்தைக் குறைக்கலாம், ஒரு போகம் விட்டுக்கூடப் பார்க்கலாம், அடுத்த பரிசோதனையில் எண் இறங்கினால் திரும்பத் தொடங்குங்கள். மிச்சப்படுத்தின பணத்தை உளுந்துக்குச் செலவு செய்யுங்கள், என் வாதம் அவ்வளவுதான்.

கோட்டூர்க்காரன்:

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுகிறவன் நான். சார் சொல்வதைப் பார்த்தால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பூட்டிக்கொள்ளுமே?

பழைய ஆய்வகத்தான்:

மயிரிழை வெடிப்பு கண்டதும் தண்ணீர் கட்டினால் மேல்தோல் மட்டும்தான் காற்றுப் பார்க்கும், உள்ளே காற்றில்லாமலே இருக்கும். பயப்பட வேண்டாம். வெடிப்பில் கால் நுழைகிற அளவுக்குக் காயவிட்டால் சிக்கல். நட்ட புதிதில் பச்சை கட்டும்வரை மட்டும் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

வெட்டிய மூலை வேறு நோய். மேல்மண்ணில்தான் மட்கும், இத்தனை வருடம் போட்ட உரத்தின் மிச்சமும் இருக்கிறது. கீழே போகப்போகப் பயிருக்குக் கிடைப்பது சட்டென்று குறையும், கெட்டியான கால்சிய வடிவம் கூடும். நீங்கள் அந்த மேல்மண்ணை வழித்துப் பள்ளத்தில் போட்டுவிட்டீர்கள். அங்கே மட்டும் தொழு உரம், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு, அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட், துத்தநாக சல்பேட்டும் கூட. டிஏபியும் துத்தநாகமும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். இந்த மூலைக்குத் தனி மண் மாதிரி எடுங்கள், மற்றதோடு கலந்துவிட்டால் சராசரியில் மறைந்துபோகும்.

மன்னை_உளுந்து:

ஆட்டுக்கிடை போட்ட இடத்திலும் எடுக்காதீர்கள் அண்ணே. கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் வந்து கிடை மறித்த வயல் என்றால் ஒரு பக்கம் மட்டும் எண் தாறுமாறாக வரும்.

கோட்டூர்க்காரன்:

எங்கள் வயலில் போன கோடையில் தெற்குப் பக்கம் கிடை இருந்தது, நல்லவேளை சொன்னீர்கள் அக்கா. போர் தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது, இந்த முறை நெல்லுக்குள் தெளிக்காமல், அறுத்துவிட்டு ஓர் உழவு ஓட்டி ஏடிடி 3 ரக உளுந்தை வரிசையில் விதைத்து, விதைக்குப் பக்கத்தில் சூப்பர் வைக்கலாம் என்று நினைக்கிறேன். பாதி வயலில் செய்துவிட்டு மீதியைப் பழையபடி விட்டுப் பார்க்கிறேன். சூப்பர் கிடைக்கவில்லை என்றால் 20:20:0:13 காம்ப்ளக்ஸ் உரம் போடலாமா?

பழைய ஆய்வகத்தான்:

போடலாம், ஆனால் அதில் மணிச்சத்துக்குச் சமமாகத் தழைச்சத்தும் இருக்கிறது. உளுந்துக்கு அவ்வளவு தழை கொடுத்தால் வேர் முடிச்சு சோம்பேறி ஆகிவிடும், கொடிதான் ஓடும். சூப்பரில் 16 சதவீத மணிச்சத்தோடு கந்தகமும் கால்சியமும் வருகிறது, கரையும்போது குருணையைச் சுற்றி அமிலமாக இருப்பதால் உங்கள் 7.9க்குப் பொருத்தம். இரண்டு கடை ஏறி இறங்கியாவது அதையே பிடியுங்கள். விதையோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல்கடை தள்ளி, விதைக்குக் கொஞ்சம் கீழே விழுகிற மாதிரி வையுங்கள்.